பழங்கற்படியும் கிட் பதிவும்: திருச்சிராப்பள்ளி வட்டாரக் கல்வெட்டுகளை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் ஆவணம் இடம் மாறும்போது அதன் மூலக் காலமும் படியெடுத்த காலமும் ஒன்றாகக் கலந்துவிடும் இடர் உண்டு. சோழர் காலக் கோயில்கள் புதுப்பிக்கப்பட்டபோது இவ்விடர் எவ்வாறு கையாளப்பட்டது என்பதைத் திருவெறும்பூர், திருமழபாடி, திருக்கோடிக்காவல் ஆகிய ஊர்களின் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இதே இடருக்கென கிட் மென்பொருளில் அமைந்தும் பரவலாகப் பயன்படாத சில கட்டளைகளை அச்சான்றுகளோடு ஒப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: கல்வெட்டு, பழங்கற்படி, திருவெறும்பூர், திருமழபாடி, கிட், திருத்த வரலாறு

முன்னுரை

மென்பொருள் நிரல்களின் திருத்த வரலாற்றைப் பேணும் கருவிகள் 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ். முதலாக வளர்ந்தன. 1982இல் வால்டர் டிக்கி ஆர்.சி.எஸ். கருவியை வெளியிட்டார். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலின் தேவைக்காக கிட் கருவியை எழுதினார். திருவெறும்பூர் வட்டத்து நாவல்பட்டிலுள்ள எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா போன்ற இடங்களில் நிரலாளர்க்கு இன்று கிட் அன்றாடக் கருவி. எனினும் சேர்த்தல், பதிதல், அனுப்புதல், பெறுதல் என்னும் சில கட்டளைகளோடு பலரும் நின்றுவிடுகின்றனர். ஒரு வரி எங்கிருந்து வந்தது, எப்போது முதலில் எழுதப்பட்டது என்று வினவும் கட்டளைகள் அறியப்படாமலே உள்ளன. இவ்வினாக்கள் கல்வெட்டாய்வாளர்க்குப் புதியன அல்ல.

திருவெறும்பூரும் காலச் சிக்கலும்

திருவெறும்பூர்க் குன்றின்மேலுள்ள எறும்பீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் பல உள்ளன. செம்பியன் வேதிவேளான் என்பவர் இக்கோயிலின் விமானத்தைக் கட்டிய செய்தியை அவற்றுள் ஒன்று கூறுகிறது. நீர்வாய்க்கால் பற்றிய செய்திகளும் அவற்றில் இடம்பெறுகின்றன.

இத்தகைய கல்வெட்டுகளில் அரசனின் இயற்பெயரின்றிப் பட்டப்பெயரும் ஆட்சியாண்டும் மட்டுமே காணப்படுவதுண்டு. இராசகேசரி என்னும் பட்டம் முதலாம் ஆதித்தன், கண்டராதித்தன், சுந்தரசோழன், முதலாம் இராசராசன் ஆகியோர்க்குப் பொதுவானது. ஆகவே எழுத்தமைதி, அலுவலர் பெயர், ஊர்ப்பெயர் ஆகியவற்றைக் கொண்டே காலம் துணியப்படுகிறது. எழுத்தமைதியைச் சான்றாகக் கொள்ள வேண்டுமெனில், எழுத்துப் பொறிக்கப்பட்ட காலமும் செய்தி நிகழ்ந்த காலமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். பழைய கல்வெட்டொன்று பிற்காலத்தில் மீண்டும் பொறிக்கப்பட்டால் இந்த அடிப்படையே ஆட்டம் காண்கிறது.

திருமழபாடி: இடிக்குமுன் படியெடுத்தல்

அவ்வாறு மீண்டும் பொறிக்கப்பட்டதற்குத் தெளிவான சான்று கொள்ளிடத்தின் வடகரையில், முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும் இன்று அரியலூர் மாவட்டத்திலும் அமையும் திருமழபாடியில் உள்ளது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1013 அளவில், அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கவும் பணித்தான். முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1026 அளவில், அவை புதிய சுவரில் பொறிக்கப்பட்டன.

விளக்கெரிக்க விட்ட ஆடும் பொன்னும், பூசைக்கு விட்ட நிலமும் சுவரிலுள்ள எழுத்தால் நிலைபெற்றவை. சுவர் போனால் உரிமைக்கான பொதுச் சான்றும் போகும். எனவே இப்படியெடுப்பை உரிமைப் பாதுகாப்பாகவே கொள்ளலாம். ஆயினும் இடைப்பட்ட ஏறத்தாழ 13 ஆண்டுகளில் படியே மூலத்தின் இடத்தைப் பெற்றது. படியில் பிழை நேர்ந்திருப்பின் ஒப்பிட்டுத் திருத்த மூலச் சுவர் இல்லை.

படியெனச் சுட்டுதல்

செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய திருக்கோடிக்காவல் கோயிலில் இன்னொரு நடைமுறை காணப்படுகிறது. அங்குப் பழைய சாசனங்களை மீண்டும் பொறித்தோர் அவை பழங்கற்படி என்பதையும் உடன் பொறித்தனர். பல்லவர் காலச் செய்தி சோழர் கால எழுத்தில் இருப்பதன் காரணத்தை அச்சிறு குறிப்பே விளக்குகிறது. அக்குறிப்பு இல்லையேல் பிற்கால ஆய்வாளர் அக்கல்வெட்டின் நம்பகத்தன்மையையே ஐயுற நேரும்.

கிட்டில் இதற்கு நேரான வசதி உண்டு. ஒரு கிளையிலுள்ள மாற்றத்தை மட்டும் எடுத்து மற்றொரு கிளையில் இடுவது செர்ரி-பிக் கட்டளை. அதனுடன் எக்ஸ் என்னும் தெரிவைச் சேர்த்தால், எந்தப் பதிவிலிருந்து இது எடுக்கப்பட்டது என்ற வரி செய்திக் குறிப்பில் தானே சேரும். அத்தெரிவின்றிச் செய்தால் புதிய பதிவு தன் மூலப் பதிவைச் சுட்டாது.

ஒவ்வொரு கிட் பதிவிலும் எழுதியவர், பதிந்தவர் என இரு பெயர்களும் இரு காலங்களும் உள்ளன. லாக் கட்டளை இயல்பாக எழுதியவரையும் அவர் எழுதிய காலத்தையுமே காட்டும். ஃபுல்லர் என்னும் வடிவத்தைக் கேட்டால் இரண்டும் தெரியும். செர்ரி-பிக் செய்த பதிவில் எழுதிய காலம் மாறாமல் நிற்க, பதிந்த காலம் புதிதாகும். திருமழபாடியில் கொடையளித்த ஆண்டும் 1026உம் வேறுபடுவது போன்றதே இது.

பிளேம் கட்டளை ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய பதிவைக் காட்டும். ஒரு பகுதி வேறு கோப்பிலிருந்து நகர்த்தப்பட்டிருந்தால், நகர்த்தியவரையே அதன் ஆசிரியராகக் காட்டிவிடும். பெரிய எழுத்துச் ‘சி’ தெரிவைச் சேர்த்தால் அதே பதிவில் மாற்றப்பட்ட பிற கோப்புகளிலும் அவ்வரிகளைத் தேடும். அத்தெரிவை மீண்டும் மீண்டும் கொடுத்தால் தேடும் பரப்பு விரியும். கல்தச்சனையும் கொடையாளியையும் பிரித்தறிவதற்கு இது நிகராகும்.

காலக்கெடு

மூலம் அழியும் முன் படியெடுக்கக் கிடைக்கும் இடைவெளி குறுகியது. கிட்டில் அவ்வாறான இடைவெளியை ரெஃப்லாக் தருகிறது. கிளையின் முனை எங்கெங்கு நின்றது என்பதை அது குறித்து வைப்பதால், தவறுதலாக நீக்கிய பதிவுகளை மீட்கலாம். இயல்பான அமைப்பில் அக்குறிப்புகள் 90 நாள்கள் இருக்கும். அக்கிளையின் இப்போதைய முனையிலிருந்து எட்டமுடியாத பதிவுகளுக்கு 30 நாள்களே. அக்குறிப்பு அந்தக் கணினியில் மட்டும் உள்ளது. களஞ்சியத்தைப் படியெடுப்பவருக்கு அது செல்லாது. பதியப்படாத மாற்றங்களையும் அது மீட்காது.

முடிவுரை

சோழர் நடைமுறைக்கும் கிட்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு கிடையாது. நோக்கிலும் வேறுபாடு உண்டு: ஒன்று கோயிலின் உரிமையைக் காத்தது, மற்றொன்று பலர் கூடி எழுதும் நிரலைக் காக்கிறது. எனினும் இரண்டும் ஒரே உண்மையைக் காட்டுகின்றன. படியெடுத்தல் மட்டும் போதாது. படியென்று அறிவித்தலும் மூலத்தின் காலத்தைத் தனியே குறித்தலும் வேண்டும். திருக்கோடிக்காவலில் ஒரு சிறு குறிப்பே அறிவித்தலைச் செய்தது. கிட்டில் அதை எக்ஸ் தெரிவு செய்ய, கருவி தானே குறித்துவைத்த இரு காலங்களை ஃபுல்லர் வடிவம் வெளிக்காட்டுகிறது. இவற்றைப் பயன்படுத்தாத நிரலாளர், காலம் துணியமுடியாத இராசகேசரிக் கல்வெட்டுகளைப் போன்ற பதிவுகளையே தம் பின்வருவோர்க்கு விட்டுச்செல்வர்.