சவுக்கு வந்த கதை

சென்னைக் கடற்கரை என்றதும் நம்மில் பலருக்கு மனசில் வருகிற படத்தில் ஒரு சவுக்குத் தோப்பு இருக்கும். பழைய சினிமாவில் காதலர்கள் பாடினதும், வில்லனின் ஆட்கள் ஒளிந்திருந்ததும் அங்கேதான். ஆனால் சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் தேடிப் பாருங்கள். புன்னை, தாழை, ஞாழல், அடும்பு எல்லாம் கிடைக்கும், சவுக்கு கிடைக்காது. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் தலமரம்கூட புன்னைதான்.

சவுக்கின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வடக்கு, கிழக்குக் கரைகளும் தென்கிழக்காசியத் தீவுகளும். நமக்குக் கிட்டத்தில் என்றால் அந்தமான் வரை தானாகவே வளர்ந்திருக்கிறது. அதன் தாவரவியல் பெயரான 'காசுவரினா'வே அந்தப் பக்கத்துப் பறவை ஒன்றிலிருந்து வந்ததுதான். காசோவரி என்று பெரிய, பறக்காத பறவை. அதன் தொங்கும் இறகு மாதிரி கிளைகள் இருப்பதால் அந்தப் பெயர்.

இது இங்கே வந்தது அழகுக்காக அல்ல, அடுப்புக்காக. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓட ஆரம்பித்தது. நீராவி எஞ்சினுக்கு விறகு வேணும். எஞ்சின் தின்ற வேகத்துக்குக் காடு ஈடு கொடுக்கவில்லை. அதே வருஷம் மதராஸ் மாகாணத்துக்குக் காட்டுப் பாதுகாவலராக ஹ்யூ கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. 1860களில் செங்கல்பட்டுக் கரையோர மணலில் சவுக்கை நட ஆரம்பித்தார்கள்.

நல்ல தேர்வு என்றுதான் சொல்லணும். வெறும் மணலிலும் வளரும். வேரில் குடியிருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் உரம் அதிகம் வேண்டாம். சில வருஷத்திலேயே வெட்டலாம், கட்டை நின்று எரியும். ரயில் நிலக்கரிக்கு மாறின பிறகும் சவுக்கு போகவில்லை. பட்டணத்து அடுப்புகள் அதை எடுத்துக்கொண்டன. கேஸ் வருவதற்கு முன்னால் தெருவுக்குத் தெரு விறகுத் தொட்டி. வெந்நீருக்கு சவுக்கு மிளார், சமையலுக்குப் பிளந்த கட்டை. பிறகு வீடு கட்டச் சாரம், அறுபத்துமூவர் உற்சவத்துக்குப் பந்தல் கால், இப்போது காகிதக் கூழ். கடலூர், விழுப்புரம் பக்கத்து விவசாயிக்கு அது பணப்பயிர்.

சின்ன வயசில் அடையாறு பக்கத்துப் பிள்ளைகள் நாங்கள் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். சவுக்கின் ஊசியைக் கணுவில் இழுத்துப் பிரித்து, மறுபடி பொருத்தி, "எங்கே உடைச்சேன், சொல்லு?" என்று கேட்பது. நாங்கள் இலை என்று நினைத்த அந்த ஊசி உண்மையில் பச்சைக் கிளை. நிஜமான இலைகள் அந்தக் கணுவைச் சுற்றி நுணுக்கமான பல்வரிசையாக இருக்கும். உடைத்த இடம் தெரியாமல் மறைத்தது அந்த இலைகள்தான். (காலில் குத்தும் காய்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.)

2004 டிசம்பர் 26க்குப் பிறகுதான் கதை சிக்கலாகிறது. சுனாமியைத் தடுக்கும் பச்சைச் சுவர் என்று உலக வங்கி நிதியிலும் தமிழகக் கரையில் சவுக்கு நட்டார்கள். பேரலையை அது எவ்வளவு தடுக்கும் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இழப்பு யாருக்கு என்பது மட்டும் தெளிவு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். அலை எட்டாத மேட்டு மணல்தான் அவற்றுக்கு வேணும். அந்த மேட்டில் சவுக்கை நட்டுவிட்டால் வேரும் ஊசிச் சருகும் தோண்ட விடாது. சருகு மெத்தையில் வேறு செடியும் லேசில் முளைக்காது.

1988லிருந்து மாணவர்கள் இந்தக் கரையில் ராத்திரி நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காக்கிறார்கள். நகர வெளிச்சம் குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் இழுப்பதே போதுமான தொல்லை. அதற்கு மேல் நாமே ஏன் மணலையும் அடைக்கணும்?

என் கட்சி இதுதான்: சவுக்கு வயலில் இருக்கட்டும், சாரத்தில் இருக்கட்டும். மணல்மேட்டைப் பிடித்துவைக்க அடும்பும் ராவணன் மீசையும் போதும். இரண்டும் தரையோடு படர்பவை, மணலைக் கட்டிப்போடுபவை. தெற்கே இன்னும் கட்டடம் வராத மேடுகளில், குளம்பு போலப் பிளந்த இலையும் ஊதாப் பூவுமாக அடும்பு இப்போதும் கிடக்கிறது.