ஜி புரதம்: மாசில் கிடைத்த தடயம்

அட்ரினலின் செல்லுக்குள் நுழைவதில்லை. வெளிச்சவ்வில் உள்ள ஏற்பியைப் பற்றுவதோடு அதன் வேலை முடிகிறது. ஆனாலும் கல்லீரல் செல் உள்ளே கிளைக்கோஜனைக் குளுக்கோசாக உடைக்கத் தொடங்கிவிடும். உள்ளே செய்தியைப் பரப்புவது சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு என்று 1950களின் இறுதியில் ஏர்ல் சதர்லாந்து காட்டினார். ஏற்பியும் சைக்ளிக் ஏஎம்பியைத் தயாரிக்கும் சைக்ளேஸ் நொதியும் ஒரே பொருளின் இரு பகுதிகள் என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது.

அந்த எண்ணத்தை அசைத்தது ஒரு மாசு. அமெரிக்காவின் பெதஸ்டாவில் மார்ட்டின் ராட்பெல் குழு எலிக் கல்லீரல் சவ்வை ஆராய்ந்தபோது, ஏடிபி சேர்த்ததும் ஏற்பியிலிருந்து குளுக்ககான் என்ற ஹார்மோன் விரைவாக விடுபட்டது. உண்மையில் அதைச் செய்தது ஏடிபியில் கலந்திருந்த குவனோசின் டிரைபாஸ்பேட். அது இல்லாவிட்டால் ஹார்மோன் நொதியைச் சரிவர இயக்குவதில்லை என்பதும் தெரிந்தது. 1971இல் வெளியான இம்முடிவுகள், ஏற்பிக்கும் நொதிக்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருப்பதை உணர்த்தின.

அதைப் பிரித்தெடுத்தது வர்ஜீனியாவில் ஆல்ஃபிரட் கில்மன் குழு. சைக்ளேஸே இல்லாதது என்று கருதப்பட்ட ஒரு வகை எலிப் புற்றுநோய்ச் செல்லில் நொதி இருந்தது. இல்லாதது இடைப் புரதம்தான். 1980இல் அது தூய்மையாகக் கிடைத்தது. குவனைனின் ஆங்கில முதலெழுத்தே அதன் பெயராயிற்று. ராட்பெல்லும் கில்மனும் 1994இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆல்ஃபா, பீட்டா, காமா என அதற்கு மூன்று துணையலகுகள். ஓய்வில் ஆல்ஃபா குவனோசின் டைபாஸ்பேட்டைப் பிடித்திருக்கும். ஹார்மோன் ஏறிய ஏற்பி அதை நழுவவிடச் செய்யும். அந்த இடத்தில் டிரைபாஸ்பேட் வந்து அமரும். உடனே ஆல்ஃபா மற்ற இரண்டிலிருந்து விலகி நொதியை இயக்கும். பிறகு தானே ஒரு பாஸ்பேட்டை வெட்டி அடங்கும். வான்கோழிச் சிவப்பணுக்களில் இந்த வெட்டை 1976இல் கேசலும் செலிங்கரும் கண்டனர். 1959இல் கொல்கத்தாவில் சம்புநாத் டே இனங்காட்டிய காலரா நச்சு தடுப்பது இதைத்தான்: ஆல்ஃபா அடங்குவதில்லை, குடலிலிருந்து நீர் கொட்டுகிறது.

பீட்டா–காமா இணை வெகுகாலம் ஆல்ஃபாவின் தாங்கியாகவே எண்ணப்பட்டது. அது நியாயமற்ற புறக்கணிப்பு. இதயத் துடிப்பைத் தணிக்கும் பொட்டாசியம் வாயிலைத் திறப்பது அந்த இணையே என்று 1987இல் லோகோதெட்டிஸ், கிளாப்பம், நீர் முதலியோர் எழுதியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 1990களில்தான் அது நிலைபெற்றது.

2011இல் பிரையன் கோபில்கா குழு ஏற்பியும் ஜி புரதமும் பிணைந்த படிக வடிவத்தை வெளியிட்டது. அதில் ஆல்ஃபாவின் இரு பகுதிகளும் அகன்று திறந்திருந்தன. குவனோசின் பாஸ்பேட் அமரும் குழி காலியாக இருந்தது.