எத்தனை படம், எவ்வளவு முகம்

மறைந்தவரின் படத்தைச் சட்டமிட்டு மாலை சூட்டுவது தமிழ் வீடுகளில் இறப்புச் சடங்கின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. பதினாறாம் நாளுக்குள் படம் தயாராக வேண்டும். ஆனால் தனியாக நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. யாருடைய திருமணத்திலோ, எந்தக் கோயில் கொடையிலோ நால்வரோடு ஐவராக நின்ற படத்தைத் தேடி எடுத்து, அந்த ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரும்படி ஸ்டுடியோவில் கொடுப்பார்கள். படச்சுருள் காலத்தில் இது பெரும்பாலும் நடந்தது. நெகடிவ் கிடைத்தால் நேரடியாகப் பெரிதாக்கினார்கள். கிடைக்காவிட்டால் பழைய அச்சையே மீண்டும் படமெடுத்து, ‘டச்சப்’ செய்து ஒப்பேற்றினார்கள்.

2000ஆம் ஆண்டை ஒட்டி எடுக்கப்பட்ட குடும்பப் படங்கள் பலவற்றில் இது நடப்பதில்லை. முந்தைய தலைமுறையின் கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியும் முகம், பின்னால் வந்த வண்ணப் படத்தில் சிறு சதுரங்களாக உடைகிறது. காரணம் கேமராவின் பழுதன்று. வாங்கிய முதல் நாளில் அதன் பட்டியலில் யாரோ ஒருவர் செய்த தேர்வு.

நவி மும்பையின் சான்பாடா இந்தத் தேர்வைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம். 1970இல் தொடங்கப்பட்ட சிட்கோ நிறுவனம் கடற்கழிக்கு அப்பால் உருவாக்கிய புதுநகரின் ஒரு பகுதி அது. மான்குர்டிலிருந்து பாலம் கடந்து ரயில் வாஷிக்கு வந்தது 1992இல். வாஷிக்கு அடுத்த நிலையம் சான்பாடா. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளின் இடநெருக்கடியை விட்டு இந்தப் பக்கம் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், சொந்த வீடும் முதல் கணினியும் முதல் டிஜிட்டல் கேமராவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. கேமரா வாங்க வேண்டுமென்றால் ஹார்பர் ரயிலேறி சி.எஸ்.டி.யில் இறங்கி, கோட்டைப் பகுதியின் போரா பஜாருக்குப் போனால் போதும். கேள்வி எழுந்தது வாங்கி வந்த பிறகுதான்.

அன்றைய கேமராப் பெட்டிக்குள் பெரும்பாலும் 8 அல்லது 16 மெகாபைட் நினைவு அட்டை ஒன்று இருந்தது. 1600 × 1200 என்ற முழு அளவில், நல்ல தரத்தில் எடுத்தால் ஒரு படம் சுமார் ஒரு மெகாபைட். அதாவது 8 மெகாபைட் அட்டையில் எட்டுப் படம். 640 × 480 என்ற சிறிய அளவைத் தேர்ந்தால் ஒரு படம் சுமார் 100 கிலோபைட். அதே அட்டையில் எண்பது படம். கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கில் குழப்பமே இல்லை. ஊரில் கணினி கிடையாது. அட்டையைக் காலி செய்ய வழியில்லை. இரண்டு வாரமும் அதே அட்டைதான். மூன்று பிள்ளைகளும் இரண்டு பாட்டிகளும் ஒரு கொடைவிழாவும் எட்டுப் படத்துக்குள் அடங்குமா?

இதற்குத் துணையாக வேறு இரண்டு காரணங்களும் இருந்தன. வீட்டுக் கணினியின் திரையே அப்போது பெரும்பாலும் 800 × 600 அல்லது 1024 × 768 அளவில்தான் இயங்கியது. 640 அகலமுள்ள படம் அதில் பெரும்பகுதியை நிறைத்துத் தெளிவாகவே தெரிந்தது. அடுத்தது இணையம். தொலைபேசி வழி இணைப்பின் உச்ச வேகமான 56 கிலோபிட்டில்கூட ஒரு மெகாபைட் படத்தை அனுப்ப இரண்டரை நிமிடம் ஆகும். நடைமுறையில் அதைவிடக் கூடுதல். துபாயில் இருக்கும் தம்பிக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சிறிய படமே ஏற்றது. ஆக, சிறிய அளவைத் தேர்ந்தவர்கள் அறியாமையால் தேர்ந்தார்கள் என்று சொல்ல இயலாது. அன்று கண்முன் இருந்த எல்லா அளவுகோல்களும் அதையே சரியென்றன.

பட்டியலில் இருந்த சொற்களும் உதவவில்லை. 1999இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 950 போன்ற கேமராக்களில் அளவுக்கு ஒரு தெரிவும், தரத்துக்கு ‘பேசிக், நார்மல், ஃபைன்’ என்று மற்றொரு தெரிவும் இருந்தன. இரண்டும் வெவ்வேறானவை. அளவு என்பது படத்தில் எத்தனை புள்ளிகள் என்பது. தரம் என்பது 1992இல் தரநிலையான ஜேபெக் முறைப்படி அந்தப் புள்ளிகளைச் சுருக்கும்போது நுண்விவரத்தை எவ்வளவு கைவிடலாம் என்பது. இவற்றுள் ‘நார்மல்’ என்ற சொல் கவனிக்கத்தக்கது. மருத்துவமனை அறிக்கையில் ‘நார்மல்’ என்றிருந்தால் குறை ஒன்றும் இல்லை என்று நம்மவர்கள் நிம்மதி அடைவார்கள். கேமராவிலோ அதே சொல், கொஞ்சம் குறைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் குறித்தது. சொல்லை நம்பியவர்கள் குறைவைத் தேர்ந்தனர்.

‘எத்தனை படம்’ என்ற கேள்வி படச்சுருளிலிருந்து வந்தது. 1975இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் கையடக்க டிஜிட்டல் கேமரா 100 × 100 புள்ளிகள் கொண்ட படத்தை 23 வினாடியில் ஒலிநாடாவில் பதிந்தது. ஒரு நாடாவுக்கு 30 படம் என்று அவர் வரையறுத்தார். சுருளில் மக்கள் பழகியிருந்த 24க்கும் 36க்கும் இடைப்பட்ட எண் அது. 1994இல் வந்த ஆப்பிள் குவிக்டேக் 100 அந்தத் தேர்வை வாங்குபவரின் கையிலேயே கொடுத்தது: 640 × 480 அளவில் 8 படம், அல்லது 320 × 240 அளவில் 32 படம். வழக்கமான சுருள் கேமராவில் இப்படி ஒரு பேரம் இருந்ததில்லை. 36 படத்தில் முதலாவதும் கடைசியும் ஒரே நுண்மையோடு பதிந்தன. எண்ணிக்கைக்காக நுண்மையை விட்டுக்கொடுக்கும் வாய்ப்பு வீட்டுக்குள் பரவலாக வந்தது டிஜிட்டல் கேமராவோடுதான். அதற்கு முன்பே அப்படிப்பட்ட முடிவுகளை ஆவணக் காப்பாளர்களும் அரசாங்கப் புகைப்படக்காரர்களும் எடுத்துவந்தனர்.

அத்தகைய ஒருவர் எடுத்த முடிவுக்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளை எட்ட நின்று ஒரே படத்தில் அடக்கியிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். எழுத்து ஒன்றுகூடத் தெரிந்திராது. அவர் அருகில் சென்று, நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். ஹுல்ட்ஷ் அந்தக் கோயிலின் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் வெளியிடத் தொடங்கியது அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே. பின்னால் வருபவர் பெரிதாக்கிப் பார்ப்பார், படிக்க முயல்வார் என்ற எண்ணம் டிரைப்பின் தேர்வில் இருக்கிறது. அதற்கு விலையும் இருந்தது. செலவு மிகுதி என்று அந்தப் புகைப்படப் பணியே சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. நினைவு அட்டையின் விலையைப் பார்த்துத் தயங்கிய குடும்பங்களுக்கு முன்னோடியாக ஓர் அரசாங்கமே இருந்திருக்கிறது.

இனி, அந்தச் சிறிய தேர்வின் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐந்து பேர் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று. 640 புள்ளி அகலத்தில் ஒருவருக்குக் கிடைப்பது 128. தோளின் அகலத்தில் முகம் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே முகத்துக்கு 43 புள்ளி. 1600 அகலத்தில் அதே முகத்துக்கு 107 புள்ளி. சுவரில் மாட்டும் சிறிய சட்டத்தில் முகம் இரண்டு அங்குலம் இருக்கிறது என்று கொண்டால், முதலாவதில் அங்குலத்துக்கு 21 புள்ளி, இரண்டாவதில் 53. நல்ல அச்சுக்கு 300 வேண்டும் என்பது பொது வழக்கு. எனவே 53உம் குறைவுதான். ஆயினும் கூடத்தின் எதிர்ச்சுவரிலிருந்து பார்த்தால் இன்னாரென்று சொல்லிவிடலாம். 21 புள்ளியில் கண்ணும் நிழலும் ஒன்றாகிவிடுகின்றன. பாட்டியின் மூக்குத்தி ஒரு புள்ளிக்குள் கரைந்துபோகிறது.

இன்று இதற்குத் தீர்வென்று செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் முன்வைக்கப்படுகின்றன. மங்கிய முகத்தைக் கொடுத்தால் சில நொடிகளில் இமைமயிர் வரை தெளிவாகத் தருகின்றன. ஆனால் பதியாத விவரத்தை எந்த மென்பொருளும் மீட்க முடியாது. அது கற்ற எண்ணற்ற பிற முகங்களிலிருந்து, இருக்கக்கூடியது எது என்று ஊகித்து நிரப்புகிறது. பழைய ஸ்டுடியோ ஓவியரும் ‘டச்சப்’பில் ஊகித்தார் என்பது உண்மை. எனினும் அவர் எதிரில் மகளோ மருமகளோ நின்று, நெற்றி இன்னும் அகலம், தாடை இவ்வளவு கூர்மையில்லை என்று சொல்லித் திருத்த முடிந்தது. மென்பொருள் தரும் முகம் அத்தனை தெளிவாக இருப்பதால் மறுத்துச் சொல்லவும் தயக்கம் வருகிறது. பத்தாண்டு கடந்தால் பேரப்பிள்ளைகளுக்கு அதுவே பாட்டியின் முகம்.

அந்தப் பழைய தேர்வு முடிந்துபோன கதையும் அன்று. கைபேசிகள் இன்று கோடிக்கணக்கான புள்ளிகளில் படம் எடுக்கின்றன. ஆனால் குடும்பக் குழுவில் வாட்ஸ்அப் வழியாகப் பகிரும்போது படம் சுருக்கப்பட்டே செல்கிறது. கூடுதல் தெளிவுடன் அனுப்பும் ‘எச்.டி.’ தெரிவு 2023இல் வந்தது. அதைத் தொட்டு அனுப்புவோர் சிலரே. எடுத்தவரின் கைபேசி தொலைந்தாலோ பழுதானாலோ, குடும்பத்திடம் எஞ்சுவது குழுவில் சுருங்கி வந்த அந்தப் படம்தான்.

சான்பாடா வீடுகளின் அலமாரிகளில் அந்தப் பழைய நினைவு அட்டைகளும் குறுந்தகடுகளும் இன்னும் சில கிடக்கக்கூடும். அவற்றில் ஒன்றிரண்டு படங்களாவது யாரோ மறந்துபோய் முழு அளவில் எடுத்தவையாக இருக்கலாம். குறுந்தகடுகள் நாளாவட்டத்தில் கெடக்கூடியவை. அட்டையைப் படிக்கும் கருவிகளும் கடைகளில் அருகி வருகின்றன. பதினாறாம் நாளுக்கு முன் அவசரமாகத் தேடுவதைவிட, வீட்டில் எல்லோரும் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவற்றைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.