மடுல்சீமையில் ஒரு மஞ்சள் புள்ளி

2020 டிசம்பர் ஞாபகம் இருக்கா? கேகாலையில் ஒரு வீட்டு வாசலில் ஆயிரக்கணக்கில் சனம். கொரோனாவுக்கு மருந்து என்று சொல்லி தம்மிக்க பண்டார ஒரு பாணியைக் காய்ச்சிக் கொடுத்தார். தேன், சாதிக்காய் எல்லாம் சேர்ந்தது, காளியம்மனே சொல்லிக் கொடுத்தது என்றார். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி எல்லாரும் பார்க்க அதைக் குடித்தார். அடுத்த மாதமே அவருக்கும் கொரோனா.

மீம்ஸ் போட்டுச் சிரித்தோம். நானும்தான். ஆனா அந்தச் சிரிப்புக்குள்ள ஒரு எண்ணம் ஒளிந்திருந்தது: படிக்காத சனம்தான் இப்படிப் பாணிக்கு ஓடும் என்று. அது சரியில்லை. நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால், நம்ம லுணுகலைக்குப் பக்கத்து மலையிலேயே, சூட்டும் கோட்டும் போட்ட வெள்ளைக்காரத் துரைமார் இதே மாதிரி ஒரு பாணிக்காகக் காத்துக் கிடந்தார்கள். அந்தக் கதையில் நாமும் இருக்கிறோம்.

மடுல்சீமை என்றதும் நமக்கு 'சின்ன உலக முடிவு'தான் ஞாபகம் வரும். கூடாரம் அடித்து, விடிய எழும்பி, மேகத்துக்கு மேல நின்று படம் எடுக்கிற இடம். உலகத்துத் தாவர நோய் வரலாற்றிலும் அந்தப் பேர் இருக்கு. 1869ஆம் ஆண்டு மடுல்சீமையில் ஒரு கோப்பித் தோட்டத்தில், இலைக்கு அடியில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. தொட்டால் விரலில் தூளாக ஒட்டும். கொஞ்ச நாளில் இலை உதிரும்.

அந்த இலை பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் கைக்குப் போனது. அவர் அதை இங்கிலாந்தில் இருந்த பாதிரியார் பெர்க்லிக்கு அனுப்பினார். பங்கசு ஆராய்ச்சியில் பேர் போனவர் அவர். அதே வருசம் நவம்பரில் 'கார்டனர்ஸ் குரோனிக்கிள்' இதழில் அதற்குப் பேர் வைத்தார்: ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ். முதல் சொல்லுக்கு 'பாதி வழுவழுப்பு' என்று அர்த்தம். அதன் வித்தி ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. இரண்டாவது சொல், 'நாசம் செய்கிறவள்'. துரைமார் அந்தப் பேரைக் கிண்டலாக்கி 'நாசக்கார எமிலி' என்று கூப்பிட்டார்கள். அவர்கள் போட்ட மீம் அது.

சிரிப்பதற்குக் காரணமும் இருந்தது. 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறிக்கொண்டே போனது. மரத்துக்கு விளைச்சல் குறைந்தாலும் கைக்கு வரும் காசு குறையவில்லை. அதனால் நோய் பரவிக்கொண்டிருந்தபோதே இன்னும் காட்டை வெட்டி இன்னும் கோப்பி நட்டார்கள். நோய்க்கு ஆளுக்கொரு விளக்கம். மழை பிழை, மண் களைத்துவிட்டது, உரம் போதாது. பங்கசு காரணமே இல்லை, மரம் பலவீனமானதால்தான் பங்கசு வந்தது என்று சொன்னவர்களும் உண்டு. கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார்கள். இலை உதிர்வது நிற்கவில்லை.

1880இல் ஆளுநர் நிர்வாகத்தின் கீழ் ஒரு விஞ்ஞானி வந்தார். ஹரி மார்ஷல் வார்ட், வயது 26. இரண்டு வருசம் இங்கே இருந்து வேலை செய்தார். கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வரும் வித்திகளைப் பிடித்துக் காட்டினார். ஈரமான இலையில் விழும் வித்தி முளைத்து, இலைவாய் வழியாக உள்ளே புகுவதைக் காட்டினார். ஆக, பங்கசுதான் காரணம். மண்ணும் மழையும் அல்ல. உள்ளே புகுந்த பிறகு வெளியே தூவும் எந்தத் தூளும் வேலை செய்யாது; புகுமுன் தடுத்தால்தான் உண்டு.

அதோடு அவர் இன்னொன்றையும் சொன்னார். அதுதான் துரைமாருக்கு உறைத்திருக்க வேண்டும். மலைக்கு மலை இடைவெளி இல்லாமல் ஒரே பயிரை நட்டு வைத்தால், ஒரு மரத்து வித்திக்கு அடுத்த மரம் பக்கத்திலேயே காத்திருக்கும். நோய்க்கு நீங்களே ரோடு போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதுதான் அதன் சாரம்.

துரைமார் எதிர்பார்த்தது மருந்து. கிடைத்தது விளக்கம். ஏமாற்றம்தான். வார்ட் 1882இல் ஊருக்குப் போனார். 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்து வந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. 1870இல் ஏறக்குறைய பத்து லட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதியான நாட்டில், இருபது வருசத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு தேறுவதே கஷ்டமானது.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. மலேரியாவுக்குக் கொயினா எடுக்கிற சிங்கோனா மரத்துக்கு எல்லாரும் தாவினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டதால் பட்டை குவிந்து விலை விழுந்தது. ஒரே பயிரை நம்பிக் கெட்டவர்கள், அடுத்ததாகவும் ஒரே பயிரை நம்பினார்கள். கடைசியில் வந்து நின்றது தேயிலை.

இதுவரை துரைமார் கதை. இனி நம்ம கதை.

கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது முக்கியமாக அறுவடைக் காலத்தில். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, பழம் பறித்து முடிந்ததும் திரும்பிப் போனார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்ம ஆட்கள் நடந்தது அந்தப் பாதையை நினைத்துத்தான்.

தேயிலை அப்படி இல்லை. வருசம் முழுக்கக் கொழுந்து வரும். வருசம் முழுக்கக் கை வேண்டும். பெண்கள் வேண்டும், குடும்பம் வேண்டும், பக்கத்திலேயே லயம் வேண்டும். கோப்பிக் காலத்திலேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. ஆனாலும் வந்து போன சனம் பெருந்தொகையாக நிலையாகத் தங்கியது தேயிலை வந்த பிறகுதான். தேயிலை இவ்வளவு வேகமாக மலையை மூடியதற்குக் காரணம் அந்த மஞ்சள் புள்ளி.

இதை யோசித்துவிட்டு 1948க்கு வாங்க. சுதந்திரம் கிடைத்த அதே வருசம் குடியுரிமைச் சட்டம் வந்தது, நம்மவர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். 'வந்து போகிற கூலிகள்' என்ற வாதம் அப்போதும் பேசப்பட்டது. கோப்பிக் காலத்து வாதம் அது! தேயிலைச் செடியின் உயிரியலே அந்த வாதத்தைப் பொய்யாக்கி அறுபது வருசம் ஆகியிருந்தது. வருசத்தில் எல்லா நாளும் கொழுந்து பறிக்கிற ஆள் எப்படி 'வந்து போகிறவர்' ஆவார்?

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த முதல் புள்ளியை யார் கண்டது? பெர்க்லியின் பேர் இருக்கு, துவைற்ஸின் பேர் இருக்கு. தினமும் அந்த இலைகளுக்குள் கைவிட்டு வேலை செய்தது நம்ம ஆட்கள். மஞ்சள் தூள் முதலில் ஒட்டியது அவர்களின் விரலில்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

அந்தப் பங்கசு சாகவும் இல்லை. 1970இல் பிரேசிலில் கண்டார்கள். 2012இல் மத்திய அமெரிக்காவில் மறுபடி தோட்டங்களை அழித்தது. அங்கேயும் முதலில் வேலை போனது கூலி ஆட்களுக்கு. நம்ம தேயிலைக்கும் 1946இல் கொப்புள நோய் வந்தது. வார்ட் சொன்ன எச்சரிக்கை இன்னும் காலாவதி ஆகவில்லை, நம்ம மலைகள் இன்னும் ஒரே பச்சைதான்.

அதனால் அடுத்த முறை யாராவது ஒரு பாணியோடு வந்தால், கொஞ்சமாகச் சிரிப்போம். அவசரத்தில் இருக்கும்போது மனுசன் காரணத்தை விட மருந்தைத்தான் கேட்பான். அதில் துரை, கூலி, அமைச்சர் என்ற பேதம் இல்லை. காரணத்தைக் கேட்காமல் விட்டதற்கான பில் யார் கைக்கு வருகிறது என்பதில் மட்டும் பேதம் இருக்கு.

லயத்துப் பின்பக்கத்தில் இப்பவும் ஒன்றிரண்டு கோப்பிச் செடி நிற்கும். மழை விட்ட பிறகு போய் ஒரு இலையைத் திருப்பிப் பாருங்க. மஞ்சள் தூள் இருந்தால் விரலால் தொட்டுப் பாருங்க. நம்மை இந்த மலையில் குடியேற்றியதில் அதற்கும் பங்கு இருக்கு.