விசுவாச ஊழியம்

விசுவாச ஊழியம் என்பது பணத்தேவையை மனிதரிடம் சொல்லிக் கேளாமல், ஜெபத்தில் கடவுளிடம் மட்டும் தெரிவித்து நடத்தப்படும் கிறித்தவப் பணியாகும். நிலையான சம்பளம், கடன், நிதி திரட்டல் ஆகிய மூன்றையும் இது தவிர்க்கிறது. மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் உணவு, உடை குறித்து இயேசு அளித்த போதனையே இதற்கு அடிப்படை. அப்போதனை தேவைகளை மறுப்பதில்லை. பிதா அவற்றை அறிந்திருப்பதால், இறையரசைத் தேடுவதை அவற்றுக்கு முன் வைக்கிறது.

தோற்றம்: இந்நெறிக்கு முன்மாதிரியாக, ஜெர்மனியின் ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மான் பிராங்கே 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அதையொட்டிப் பெரிய அனாதை இல்லம் எழுந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கும் ஹாலேயில் பயின்றவரே. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அங்கே இறையியல் படித்த ஜார்ஜ் முல்லர் (1805–1898), பிராங்கேயின் இல்லத்தில் ஏழை மாணவர்க்கான இலவச அறையில் சில காலம் தங்கியிருந்தார்.

முல்லர் 1830இல் தென்மேற்கு இங்கிலாந்தில் போதகராக இருந்தபோது தம் சம்பளத்தை விட்டார். ஆலய இருக்கைகளுக்கு வாங்கப்பட்ட வாடகையே அச்சம்பளமாக வந்தது. அது ஏழையைப் பின்வரிசைக்குத் தள்ளுவதை அவரால் ஏற்க முடியவில்லை. வாடகை நின்றது, விரும்பியவர் காணிக்கையிட ஒரு பெட்டி வைக்கப்பட்டது. அவர் மனைவி மேரியின் தமையன் அந்தோனி நோரிஸ் குரோவ்ஸும், நல்ல வருமானமுள்ள பல் மருத்துவத் தொழிலைத் துறந்து 1829இல் பாக்தாத்துக்கும் 1833இல் இந்தியாவுக்கும் ஊழியத்துக்காகச் சென்றவர்.

பிரிஸ்டல் இல்லங்கள்: 1836இல் பிரிஸ்டலில் ஒரு வாடகை வீட்டில் முல்லர் அனாதை இல்லம் தொடங்கினார். 1849 முதல் 1870 வரை அந்நகரின் ஆஷ்லி டவுனில் 2,050 பிள்ளைகள் தங்கக்கூடிய ஐந்து கட்டடங்கள் எழுந்தன. அவர் காலத்தில் சுமார் 10,000 பிள்ளைகள் அங்கே வளர்ந்தனர். கடவுள் இன்றும் ஜெபத்தைக் கேட்கிறார் என்று காட்டுவதே முதல் நோக்கம், பிள்ளைகளின் நலன் அதற்கு அடுத்தது என்று முல்லர் எழுதினார். ஆகவே, கையில் காசில்லாத நாள் அவருக்குப் பணியின் தோல்வியாகத் தோன்றவில்லை. நம்பிக்கையைப் பழகும் நாளாகவே தோன்றியது. அவர் வெளியிட்ட ஆண்டறிக்கைகளே மறைமுக வேண்டுகோள்கள் என்று சிலர் குறைகூறினர். ஆனால் 1841இன் இறுதியில் நெருக்கடி மிகுந்தபோது அவர் அறிக்கையைத் தள்ளிவைத்தது அக்குறைக்கு ஓரளவு விடையாகும்.

பரவல்: ஹட்சன் டெய்லர் 1865இல் நிறுவிய சீன உள்நாட்டு மிஷன் இந்நெறியை ஏற்றது. தமிழகத்தில் குரோவ்ஸின் சீடரான யோவான் கிறிஸ்தியான் அருளப்பன், வெளிநாட்டுச் சங்கச் சம்பளம் பெறாமல் கிறிஸ்தியான்பேட்டையை மையமாகக் கொண்டு ஊழியம் செய்தார். 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் தோன்றிய ஆன்மிக எழுப்புதலில் அவருக்குப் பெரும் பங்குண்டு. கோயில்களுக்கு அர்ப்பணிக்கப்படவிருந்த சிறுமியரைக் காக்க ஏமி கார்மைக்கேல் 1901இல் டோனாவூரில் தொடங்கிய பணியும், நன்கொடை கேட்பதில்லை என்ற விதியில் நின்றது.

பிரிஸ்டல் கட்டடங்கள் 1958இல் விற்கப்பட்டன. முல்லரின் அறக்கட்டளை வேறு வடிவில் தொடர்கிறது.