சட்டமும் விதையும்

ரஷ்யப் பேரரசில் 1894 முதல் 1905 வரை வேளாண் அமைச்சராயிருந்த அலெக்ஸி யெர்மோலோவ் ஒரு வேளாண் விஞ்ஞானி. 1891-ஆம் ஆண்டுப் பஞ்சத்தைப் பற்றி மறு வருஷமே புத்தகம் எழுதியவர். மண்ணை அறிந்தவர் கையில் அதிகாரமும் சேர்ந்தது. ஆனாலும் குடியானவனின் நிலப் பிரச்சினை தீராமலேதான் 1905-இன் கலகம் வந்தது.

திண்டிவனத்தில் இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேரவில்லை. பக்கத்து ஓமந்தூரில் 1895-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானார். ஆலயப் பிரவேசம், தேவதாசி முறை ஒழிப்பு, ஜமீன் ஒழிப்பு ஆகிய மூன்று சட்டங்களும் அவர் காலத்தவை. 1949-இல் பதவி விலகியபின் வடலூருக்குப் போய் வள்ளலார் பணியில் தங்கினார். அவருடைய எளிமையைப் பற்றி நிறையச் சொல்லியாகிவிட்டது. அந்தப் புகழ்ச்சி சட்டத்தைப் படிப்பதற்குத் தடையாகிவிடுகிறது என்று எனக்குப் படுகிறது. 1948-இன் 26-ஆம் சட்டம் ஜமீன் நிலத்தை ரயத்துவாரியாக மாற்றியது. தென்னார்க்காடோ பெரும்பாலும் முன்பே ரயத்துவாரி. அங்கே பட்டா ஒருவரிடம், ஏர் இன்னொருவரிடம் என்பது சகஜம். தம் சொந்த மண்ணின் கேள்வியை ரெட்டியாரின் சட்டம் தொடவேயில்லை.

மற்றது விதை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிருக்கு இந்தப் பக்கம் மணிலாக் கொட்டை என்று பேர், பேச்சில் மல்லாட்டை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-இல் ரயில் வந்தது. துறைமுகத்திலிருந்து கொட்டை மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து பொறுக்கியெடுத்த டி.எம்.வி. 2 என்ற ரகம் 1940-இல் வெளியானது. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் அதுவே விதைக்கப்பட்டது. ஊரின் பேர் அந்த எழுத்துகளில் ஒளிந்திருக்கிறது. பொறுக்கியவர்களுக்குச் சிலை இல்லை.

ஆனால் விதையைப் புகழ்ந்து இந்தக் கட்டுரையை முடித்துவிட முடியாது. நல்ல விதையின் லாபமும் பட்டாவின் வழியேதான் இறங்குகிறது. செடியைப் பிடுங்கி, வரப்பில் உட்கார்ந்து காய் ஆய்கிற பெண்ணுக்கு ரகம் மாறியதால் நிலம் கிடைத்துவிடவில்லை. சட்டம் எழுதியவரையும் விதை பொறுக்கியவரையும் வைத்து நாம் எழுதுகிற சரித்திரம், அந்தப் பெண்ணை இன்னும் கூலிக் கணக்கில்தான் வைத்திருக்கிறது.