அடிக்குறிப்பில் என் பெயர்

சென்ற ஆண்டு எங்கள் பங்கின் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு 'விடுதலைப் போரில் தமிழர்' என்னும் பொருளில் ஒரு கட்டுரைப் போட்டி நடத்தினோம். நடுவராக இருந்த ஆசிரியர் கண்டிப்பானவர். எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் அது கிடைத்த இடத்தைக் கீழே குறிக்க வேண்டும் என்று விதித்துவிட்டார். வந்த கட்டுரைகளுள் ஒன்று, திருச்சுழிக்குத் தெற்கே உள்ள கிளைக்கிராமத்துப் பெண்ணொருத்தி எழுதியது. கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பம் அவளுடையது. "ஹிட்லரையே மன்னிப்புக் கேட்க வைத்த தமிழர் செண்பகராமன்" என்று அவள் எழுதியிருந்தாள். அடிக்குறிப்பைப் பார்த்தேன். 'ஆதாரம்: நம் பங்குத்தந்தையின் ஆகஸ்ட் 15 மறையுரை' என்றிருந்தது.

உண்மைதான். விண்ணேற்புப் பெருவிழாவும் விடுதலைத் திருநாளும் ஒன்றாய் வரும் அந்நாளில், பீடத்தில் நின்று நான் அதைச் சொல்லியிருந்தேன். இளைஞர்கள் கைதட்டினார்கள். எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. நான் அதை எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்க அன்று எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அன்றிரவு என்னிடமிருந்த நூல்களையும், பிறகு மதுரை நூலகத்தில் கிடைத்தவற்றையும் புரட்டினேன். செண்பகராமன் 1891-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 1914-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலிருந்து இந்திய விடுதலைக்காக இதழ் நடத்தியவர். பின்னர் பெர்லின் சென்று இந்தியப் புரட்சியாளர் குழுவில் பணியாற்றினார். 1915 டிசம்பரில் காபூலில் ராஜா மகேந்திர பிரதாப் அமைத்த தற்காலிக அரசில் வெளியுறவு அமைச்சராக அவர் பெயர் இருந்தது. 1934-இல் பெர்லினில் இறந்தார். அவரது சாம்பல் 1966-இல்தான் இந்தியக் கடற்படைக் கப்பலில் தாயகம் வந்தது. இவை போதாவா? போதவில்லை போலும். ஹிட்லர் அவரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டதாக ஒரு நூல் கூறுகிறது. அந்நூல் இன்னொரு நூலைச் சுட்டுகிறது, அது வேறொன்றை. நான் புரட்டிய எதிலும் அந்தக் கடிதத்தின் படியோ, அது இருக்கும் காப்பகத்தின் பெயரோ இல்லை.

இதே வரிசையில் இன்னொன்றும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்ட எம்டன் கப்பலில் அவர் இருந்தாராம். அந்தக் கப்பல் ஜூலை இறுதியிலேயே சீனக் கடற்கரையின் சிங்தாவ் துறைமுகத்தைவிட்டுப் புறப்பட்டுவிட்டது. சூரிச்சில் இதழ் நடத்திக்கொண்டிருந்தவர் நடுக்கடலில் எப்படி ஏறினார்? கெட்டிக்காரனை 'எம்டன்' என்று அழைத்துப் பழகிய நமக்கு, அந்தக் கப்பலில் ஒரு தமிழர் இல்லாமலிருப்பது பொறுக்கவில்லை.

நம் வானம் பார்த்த பூமியில் ஹிட்லரைப் பற்றிய பேச்சு வேறு ஒரு வழியாகவும் வந்து சேர்கிறது. மழை பொய்த்த காலங்களில் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். அவர்களுள் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். 1939 செப்டம்பரில் சுபாஷ் சந்திர போஸ் மதுரைக்கு வந்ததை இன்றும் பெருமையோடு பேசுகிறார்கள். அவருடைய பார்வர்டு பிளாக் கட்சியின் முத்துராமலிங்கத் தேவரை 1952-இலும் 1962-இலும் மக்களவைக்குத் தேர்ந்தெடுத்தது அருப்புக்கோட்டைத் தொகுதி. எனவே இங்கே பல வீடுகளில் நேதாஜியின் படம் உண்டு. "நேதாஜிக்குக் கை கொடுத்தவன் ஹிட்லர், அப்புறம் அவன் எப்படிக் கெட்டவன்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். 'எனது போராட்டம்' என்ற அவனது நூலின் தமிழாக்கம், பேருந்து நிலையக் கடையில் தன்னம்பிக்கை நூல்களுக்கு நடுவே அடுக்கப்பட்டிருப்பதையும் கண்டிருக்கிறேன்.

அந்த நூலை வாங்குவோர் அதை முழுவதும் படிப்பதில்லை என்றே நினைக்கிறேன். இந்தியா வேறெவர் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் ஆட்சியில் இருப்பதையே தான் விரும்புவதாக அதில் ஹிட்லர் எழுதியிருக்கிறான். இந்திய விடுதலை வீரர்களை ஏளனம் செய்திருக்கிறான். போஸ் இதை அறியாதவர் அல்லர். 1936 மார்ச்சில், வெள்ளை இனமே உலகை ஆளப் பிறந்தது என்ற வகையில் ஹிட்லர் பேசியதைக் கண்டித்து, ஜெர்மானிய அறிஞர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. 1942 மே மாதத்தில் இருவரும் ஒரே ஒரு முறை சந்தித்தனர். அந்த உரையாடலுக்குக் குறிப்பும் எழுதப்பட்டது. நூலில் உள்ள பகுதியைப் பற்றி விளக்கம் தர வேண்டும் என்று போஸ் கேட்டார். ஹிட்லர் மழுப்பினான். இந்திய விடுதலையை ஆதரித்து ஓர் அறிக்கை வேண்டும் என்ற கோரிக்கைக்கும் அவன் இணங்கவில்லை. 1943 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கு நோக்கி அனுப்பி வைத்தான், அவ்வளவே. பின்னால் இருந்துவிட்ட இந்தியப் படையினர் ஏறத்தாழ 3,000 பேரை 1944-இல் எஸ்.எஸ். படையோடு சேர்த்துவிட்டார்கள். மன்னிப்புக் கதையைவிட இந்த ஆவணக் குறிப்பே நம் நாட்டவருக்குப் பெருமை தருவது என்பேன். ஐரோப்பா முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்த ஒருவனின் முகத்துக்கு நேரே, அவன் எழுதியதைச் சுட்டிக் கேட்ட இந்தியர் ஒருவர் இருந்தார்.

ஆயினும் அதே ஆவணங்கள் நம்மை அங்கே நிற்க விடுவதில்லை. போஸ் பெர்லினில் வாழ்ந்தது 1941 ஏப்ரல் முதல் 1943 பிப்ரவரி வரை. அந்நகரின் யூதர்களை இரயிலில் ஏற்றிக் கிழக்கே அனுப்பத் தொடங்கியது 1941 அக்டோபரில். யூத இனத்தையே அழிக்கும் திட்டத்தை அதிகாரிகள் கூடி வகுத்த வான்சே மாளிகை அதே நகரின் ஏரிக்கரையில் உள்ளது. அக்கூட்டம் நடந்தது 1942 ஜனவரி 20. லெனார்ட் கார்டன், ரோமன் ஹேய்ஸ் போன்ற ஆய்வாளர்கள் நேதாஜியின் பெர்லின் நாள்களை விரிவாக எழுதியிருக்கிறார்கள். தம் நாட்டின் விடுதலை ஒன்றையே கண்ணாகக் கொண்டவர் அந்த மக்களுக்காகக் குரல் கொடுக்கவில்லை என்பதே அவற்றிலிருந்து நான் அறிந்துகொண்டது. எழுத எனக்குக் கசப்பாக இருக்கிறது. என் அறையிலும் அவர் படம் இருக்கிறது.

அதே அக்டோபரில், அதே பெர்லினில், புனித எட்விக் பேராலயத்தின் அதிபர் பெர்னார்டு லிக்டன்பெர்க் கைது செய்யப்பட்டார். யூதர்களுக்காகப் பலரறிய மன்றாடியதுதான் அவர் செய்த குற்றம். சிறைக்குப் பின் தாக்காவ் முகாமுக்குக் கொண்டு செல்லும் வழியில் 1943 நவம்பரில் இறந்தார். 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். நான் குருமடத்தில் இருந்தபோது அந்தச் செய்தியைப் படித்துப் பெருமிதம் கொண்டதுண்டு. ஒரு லிக்டன்பெர்க்கைக் காட்டி, 'திருச்சபை அன்று பேசியது' என்று முடித்துவிடும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. செண்பகராமன் கதைக்கு இது உறவினன்தான்.

1933 ஜூலையில் ஹிட்லர் அரசோடு வத்திக்கான் உடன்படிக்கை செய்துகொண்டது. 1937-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் ஜெர்மன் மொழியிலேயே எழுதிய கண்டனச் சுற்றுமடல், குருத்து ஞாயிறன்று அந்நாட்டு ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. 1942 கிறிஸ்து பிறப்பு வானொலிச் செய்தியில் பன்னிரண்டாம் பயஸ், இனத்தின் பெயரால் சாவுக்கு அனுப்பப்படும் இலட்சக்கணக்கானோரைக் குறிப்பிட்டார். யூதர் என்ற பெயரைச் சொல்லவில்லை, கொன்றவர் பெயரையும் சொல்லவில்லை. 1963-இல் ஓக்ஹூத் என்ற ஜெர்மானியர் இந்த மௌனத்தையே நாடகமாக்கியபோது பெரும் புயல் எழுந்தது. ஆறாம் பவுல் நான்கு இயேசு சபை அறிஞர்களை அமர்த்தி, 1965 முதல் 1981 வரை ஆவணத் தொகுதிகளை வெளியிடச் செய்தார். அவை தேர்ந்தெடுத்த ஆவணங்கள். எல்லாவற்றையும் காட்டுங்கள் என்ற குரல் ஓயவில்லை. 2020 மார்ச் 2 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் காப்பகத்தைத் திறந்துவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு அதை அறிவித்தபோதே, திருச்சபை வரலாற்றுக்கு அஞ்சவில்லை என்று அவர் கூறியிருந்தார்.

அஞ்சாதிருப்பது எளிதன்று. 2023-இல் அந்தக் காப்பகத்தின் பணியாளர் ஒருவரே ஒரு கடிதத்தை வெளிக்கொணர்ந்தார். 1942 டிசம்பர் 14 நாளிட்டது. ஜெர்மானிய இயேசு சபைக் குரு லோத்தர் கோனிக், திருத்தந்தையின் செயலரும் அதே சபையினருமான ராபர்ட் லைபருக்கு எழுதியது. நாள்தோறும் ஏறத்தாழ 6,000 பேர், போலந்து நாட்டினரும் யூதரும், கொல்லப்படும் இடத்தை அது கூறுகிறது. கிறிஸ்து பிறப்புக்குப் பத்து நாள் இருக்கையில் எழுதிய கடிதம்! மறைவாகச் செயல்பட்டுப் பல யூதர்களைக் காத்ததற்கும் சான்றுகள் உள்ளன. வெளிப்படையாகப் பேசியிருந்தால் இன்னும் பலர் மடிந்திருப்பர் என்று வாதிடுவோரும் உளர். அந்த வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால், தெரியாது என்று சொல்லும் வழி இப்போது அடைபட்டுவிட்டது.

ஹிட்லரைப் பழிப்பதற்கும் பொய் தேவையில்லை என்பதை என் குருமட நாள்களின் குறிப்பேடு காட்டியது. கிறிஸ்தவத்தைப் பற்றி ஹிட்லர் சொன்னதாக அதில் பல கூற்றுகளை எழுதி வைத்திருந்தேன், மறையுரையிலும் பயன்படுத்தியிருக்கிறேன். எல்லாம் ஹெர்மன் ரவுஷ்னிங் என்பவரின் நூலிலிருந்து வந்தவை. டான்சிக் நகர ஆட்சிமன்றத் தலைவராயிருந்து பின்னர் எதிரணிக்கு வந்தவர் அவர். அவர் ஹிட்லரைச் சந்தித்ததே சில முறைதான், உரையாடல்களில் பெரும்பகுதி கற்பனை என்று 1980-களில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் ஹேனல் காட்டினார். ஹிட்லரின் வாழ்வை இரு பெருந்தொகுதிகளாக எழுதிய இயன் கெர்ஷா, அந்நூலை ஓரிடத்தும் மேற்கோளாகக் கொள்ள மறுத்துவிட்டார். 1983-இல் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று ஒரு ஜெர்மானிய இதழ் பல இலட்சம் மார்க் கொடுத்து வாங்கியவையோ, தாளைச் சோதித்ததும் போலியென வெளிப்பட்டன. நான் அப்போது சிறுவன், ஆனால் ரவுஷ்னிங்கை எடுத்தெழுதியபோது சிறுவன் அல்லன்.

அடுத்த ஞாயிறு திருப்பலியின் முடிவில், அறிவிப்பு நேரத்தில், ஆகஸ்ட் 15 அன்று நான் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்பதைச் சொன்னேன். கட்டுரை எழுதிய பெண் முன்வரிசையில் இருந்தாள். அவளுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம், அவள் ஆதாரத்தை ஒழுங்காகவே குறித்தாள் என்று ஆசிரியரிடம் முன்னமே கூறியிருந்தேன். வெளியே வந்ததும், "ஃபாதர், அந்த வரியை அடிச்சுட்டேன். காபூல் அரசாங்கம் இருக்கட்டுமா?" என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

அவளுக்குப் பின்னால் அவளுடைய தாத்தா நின்றிருந்தார். எண்பதைத் தாண்டியவர். முகம் வாடியிருந்தது. "சாமி, அப்ப எங்க ஐயா ரங்கூன்ல நேதாஜியப் பாத்தேன்னு சொன்னதும் பொய்யா?" என்றார்.

1944 ஜனவரியில் நேதாஜி தம் தலைமையகத்தை ரங்கூனுக்கு மாற்றினார், உங்கள் ஐயா அப்போது அங்கிருந்தால் பார்த்திருக்க முடியும் என்றேன். ஐயா எந்த ஆண்டு கப்பலேறினார், அங்கே என்ன வேலை பார்த்தார், எப்போது ஊர் திரும்பினார் என்று கேட்டேன். அவர் வேப்பமர நிழலில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். சிலவற்றை ஐயா சொல்லக் கேட்டதென்றும், சிலவற்றை ஊரார் சொல்லக் கேட்டதென்றும் அவரே பிரித்துப் பிரித்துச் சொன்னார். பேத்தி தன் கட்டுரைத் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டாள்.